கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி

எனக்கு இந்தப் பேய், ஆவி என்று சொல்கிற எதிலும் எந்தக் காலத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரும் பேசக் கூடாது. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் மரம் வெட்டியவள். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனி ஆளாகக் காட்டுக்குள் இறங்குவேன். புகைக்கூடத்துக்குப் பின்னால் முனி நிற்கிறது என்று மற்றப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்துதான் போவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே முனி நம்ம ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணிதான், அவனும் ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு நடப்பேன். ஒன்றும் வந்து என்னை மறித்ததில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் சொல்லச் சொல்ல என் மகள் கலா எழுதுகிறாள். அவளாக ஒரு சொல் சேர்த்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும், திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாங்கள் இப்போது சுங்கைப் பட்டாணியில் இருக்கிறோம். போன வருஷம், தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, கலா வேலை முடிந்து வந்து, இங்கே ஒரு மண்டபத்தில் இரண்டு நாவல் அறிமுகம், எழுதினவர்களே வந்து பேசுகிறார்கள், ஒன்று சரித்திரக் கதை, ஒன்று மர்மக் கதை என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்து சாமான்களை எடுத்து வைத்தாள். எனக்குத் தெரியாதா, ஏதோ இருக்கிறது என்று.

“அந்த மர்மக் கதை, எஸ்டேட்ல காணாமப் போன ஒரு பையனைப் பத்தியாம்மா. வேணாம்னா வேணாம்லா, நான் மட்டும் போய்ட்டு வரேன்.”

ஊரான் பிள்ளை கதையைக் கேட்டு நான் விழுந்துவிடவா போகிறேன், நானும் வருகிறேன் என்றேன்.

விஷயம் என்னவென்றால், என் மூத்தவன் சேகர் காணாமல் போனவன். இருபதைத் தாண்டியிருந்தான், தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மதியம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கோலா கெத்திலுக்குப் போய்ச் செயின் மாற்றிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று போனான். அவனும் வரவில்லை, மோட்டாரும் வரவில்லை. போலீசுக்குப் போனோம், ஆற்றில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள். சயாமில் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான் என்று இன்னொருவன் சொன்னான். அவன் அப்பா அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு ரப்பர் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள். வீட்டை விட்டு வரும்போது கோயில் பூசாரியிடமும் சாமான் கடைக்காரரிடமும் எங்கள் புது முகவரியைச் சொல்லிவிட்டுத்தான் லாரியில் ஏறினேன். இப்போது அந்தப் பூசாரியும் இல்லை, அந்தக் கடையும் இல்லை.

நம்ம வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம், உங்களுக்கே தெரியும். ஆளுக்கு ஓர் இலை, அவரவருக்குப் பிடித்த சாப்பாடு, புதுத் துணி. என் புருஷனுக்கு வருஷா வருஷம் போடுகிறேன். சேகருக்குப் போட்டதில்லை. ஒரு வருஷம் என் நாத்தனார் வந்து, பிள்ளை பசியோடு அலையுமே, ஒரு இலை போடு அண்ணி என்று அவளாகவே ஒன்றை விரித்தாள். அதை மடித்து வெளியே எறிந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போட்டால் நான் என் கையால் அவனைக் கொன்றதுபோல ஆகாதா? பிணத்தைக் காட்டு, போடுகிறேன் என்றேன்.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனோம். மண்டபத்தில் முன்னால் ஒரே தலைவர்கள் கூட்டம், மாலை, பொன்னாடை, அது முடியவே வெகு நேரம் ஆனது. நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். எனக்குப் பின்னால் சில வரிசைகள், அதற்குப் பின்னால் கதவு.

சரித்திர நாவல் எழுதியவர் அருளம்பலம் சார். அலோர் ஸ்டாரில் தலைமையாசிரியராக இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்களே, அதைப் பற்றி எழுதியிருந்தார். மர்மக் கதை எழுதியது மாலதி டீச்சர், செர்டாங்கில் பள்ளிக்கூடத்தில் வேலை, நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பேசினார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசினார்கள்.

சார் கிண்டலாக, மர்மக் கதைக்கு ஒரு பிணம் போதும், எனக்குப் பாருங்கோ, எண்ண முடியாத பிணம் என்றார். டீச்சர் விடவில்லை. உங்க ஆளுங்க எங்க செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும் சார், என் கதையில அதுகூடத் தெரியாது, படிக்கிறவங்க எல்லாம் போன் பண்ணி ஏசுறாங்க என்றார். கடைசிப் பக்கம் வரைக்கும் அந்தப் பையன் என்ன ஆனான் என்று டீச்சர் எழுதவே இல்லையாம். பிறகு சார் ஒன்று சொன்னார். சயாமிலிருந்து திரும்பாதவர்களுடைய பெண்சாதிமார் வருஷக்கணக்காகத் தாலியைக் கழற்றவில்லையாம், அவருடைய பெரியம்மாவே சாகும்வரைக்கும் பொட்டு வைத்திருந்தாராம். “அவ பிடிவாதக்காரி இல்லை. அவ கழட்டினா, புருஷன் செத்தது அவ கணக்கில வந்திடும். அதுதான் பயம்,” என்றார். எனக்கு என் நாத்தனார் விரித்த இலைதான் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து, வெள்ளைக் காரை யாரோ வழியில் நிறுத்தியிருக்கிறீர்கள், நகர்த்துங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். அது எங்கள் கார்தான். கலா எழுந்து வெளியே போனாள். கேள்வி நேரம் தொடங்கியது. ஒருவர் எழுந்து கேள்வி கேட்காமல் சொற்பொழிவு செய்தார். இன்னொருவர் புத்தகம் எங்கே கிடைக்கும் என்றார். அதற்குப் பிறகுதான்.

நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்குப் பின்னாலிருந்து, கதவுப் பக்கமாக, ஒரு குரல் வந்தது.

“ஒன்னு கேப்பேன், ஏசக் கூடாது. அந்தப் பையனோட அம்மாகிட்ட யாராச்சும் போய்ச் சொன்னாங்களா?”

சேகர் அப்படித்தான் கேட்பான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதிருந்தே, எதைக் கேட்டாலும், ஒன்னு கேப்பேன் ஏசக் கூடாது என்றுதான் ஆரம்பிப்பான். சளி பிடித்ததுபோல லேசாகக் கரகரத்த குரல். பெற்றவளுக்கு அது மாறிப்போகுமா? எனக்குக் காது அடைத்துவிட்டது. டீச்சர் ஏதோ பதில் சொன்னார், சனங்கள் சிரித்தார்கள், ஒன்றும் என் காதில் ஏறவில்லை. திரும்பிப் பார்க்க நினைக்கிறேன், கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று திரும்புவதற்குள், தேநீர் குடிக்கலாம் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள், கதவுப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். எல்லாம் முதுகு. சேகரு, சேகரு என்று கூப்பிட்டேன். சத்தம் வந்ததோ இல்லையோ தெரியவில்லை.

கார் நிறுத்துகிற இடத்தில் வெயிலில் நான் நின்றதைக் கலா பார்த்து ஓடி வந்தாள்.

“யாரைம்மா தேடுறீங்க?”

“உங்க அண்ணன் வந்திருந்தான்.”

அவள் என்னை ஏசவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவராகக் கேட்டாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், யாரோ பின்னாடி கேட்டாங்க போல, எனக்குச் சரியாக் கேக்கல என்றார். நாங்கள் திரும்பி வருவதற்குள் டீச்சர் கிளம்பிவிட்டார், அவருக்குச் செர்டாங் வரைக்கும் ஓட்ட வேண்டுமே.

வீட்டுக்கு வந்து நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கால் தரையில் படவில்லை. வந்துவிட்டான், இந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறான், கூட்டத்துக்கெல்லாம் வருகிறான் என்றால் நல்ல நிலைமையில்தான் இருப்பான். என்னைத் தேடித்தான் கேட்டிருக்கிறான். ஏதோ கோபத்தில் போனவன், இத்தனை வருஷம் கழித்து முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறான். இப்படியெல்லாம் நானே ஒரு கதை எழுதினேன். அன்றிலிருந்து தினமும் ஒரு பிடி அரிசி கூடப் போடச் சொன்னேன். யாராவது கேட்டைத் தட்டினால் தலையை வாரிக்கொண்டுதான் வெளியே போவேன்.

அடுத்த வாரம் கலா போனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண்டபத்தில் நடந்ததை வீடியோ பிடித்துப் போட்டிருக்கிறார்களாம். “அம்மா, நான் ஏற்கெனவே பார்த்துட்டேன். நீங்களும் பார்க்கணும்,” என்றாள்.

கேமரா முன்னால் இருந்து சனங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நான் இருக்கிறேன். கதவு தெரிகிறது, கடைசி வரிசை தெரிகிறது. கடைசி வரிசையில் ஒருவரும் இல்லை. புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர் உட்காருகிறார். அப்புறம் சத்தம் இல்லை. காற்றாடி ஓடுகிற சத்தம் மட்டும். மாலதி டீச்சர் கதவுப் பக்கம் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரோ பேசுவதைக் கேட்கிறதுபோல இருக்கிறார். கேட்டு முடித்துத் தலையாட்டுகிறார். நான் நாற்காலியைப் பிடிக்கிறேன். அப்போது அவர் சொல்கிறார்.

“இல்ல தம்பி, யாரும் போய்ச் சொல்லல. சொல்றதுக்கு ஆள் இருந்தா அது மர்மக் கதையே இல்லயே.”

எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கலா போனை அணைத்துவிட்டாள். சேகர் இருந்தால் ஐம்பதைத் தாண்டியிருப்பான். அவனுக்கு இளையவள் கலா, கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கையெழுத்து வாங்கப் போனபோது டீச்சர் அவளையே அக்கா என்றுதான் கூப்பிட்டார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றவனை அவர் தம்பி என்கிறார்.

பிறகு கலா டீச்சருக்குப் போன் போட்டாள். அவருக்கு யாரோ கேட்டது ஞாபகம் இருக்கிறதாம், முகம் ஞாபகம் இல்லையாம். வீடியோவைப் பாருங்கள் என்று கலா சொன்ன பிறகு அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் கலா தரையைத் துடைத்து அப்பாவுக்கு இலை போட்டுவிட்டு, இன்னொரு இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கேட்கவில்லை. போடு என்றேன். கோழி வைத்தாள், நெத்திலிச் சம்பல் வைத்தாள், அவன் மூன்று வேளையும் அதைத்தான் கேட்பான். புதுத் துணி வைக்க வேண்டுமே என்று அலமாரியைத் திறந்தேன். வருஷா வருஷம் தீபாவளிக்கு அவனுக்கு ஒரு சட்டை வாங்கி அடுக்கியிருக்கிறேன். அவன் அப்பாவுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு தொந்தி விழுந்தது, இவனுக்கும் விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிய அளவாகத்தான் எடுப்பேன். எல்லாவற்றையும் விரித்து விரித்துப் பார்த்தேன். அந்தப் பெரிய சட்டைகளைப் போடுகிற ஆள் எந்த ஊரிலும் எந்த நாளும் இருந்ததில்லை. அடியில் கிடந்த முதல் சட்டையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மடிப்பு மஞ்சளாகிப் போயிருந்தது.

எப்படிச் செத்தான், எங்கே கிடக்கிறான், தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. மண்டபத்தில் அத்தனை பேர் இருக்க அந்த டீச்சர் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிந்தான், அதுவும் எனக்குத் தெரியாது. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன், நான் தாங்காததா. என்னைத் தூங்கவிடாதது வேறொன்று.

அவன் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறான். நான் அவனைப் பார்க்கவில்லை, சரி. அவன் என்னைப் பார்த்திருப்பான் அல்லவா? அவன் விட்டுப்போன அம்மாவுக்குக் கறுப்பு முடி, இடுப்பு வரைக்கும் பின்னல், ஒரு கையால் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். அன்றைக்கு அவன் முன்னால் உட்கார்ந்திருந்தது வெள்ளைக் கொண்டை போட்ட யாரோ ஒரு கிழவி. அந்தக் கிழவியைத் தாண்டி, மேடையில் இருக்கிற யாரோ ஒருவரிடம், அம்மாகிட்ட சொன்னாங்களா என்று கேட்டிருக்கிறான். யாரும் சொல்லவில்லை என்று அவர்கள் சிரித்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான்.