அப்பாகிட்ட போனைக் குடும்மா

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் நடத்தும் மளிகைக் கடைக்கு பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல் மாவும் வறுத்த மிளகாய்த்தூளும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வரும். அனுப்புகிற அண்ணனை நான் நேரில் பார்த்ததே இல்லை. பல வருடங்களாகக் குரல்தான் பழக்கம். நான் மதுரைக்காரன். மற்ற ஏற்றுமதியாளர்களிடம் ஆங்கிலத்தில் பேசும்போது வருகிற விறைப்பு அவரிடம் வராது. தமிழ்தானே என்று சரளமாகப் பேசிக்கொண்டே போவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையில் நல்ல கூட்டம். அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அழுதுகொண்டே பேசியது அவர் மகள்.

"அண்ணை, அப்பா மோசம் போயிட்டார்."

யாரோ வியாபாரி அவரை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

"அடப்பாவமே! யாரும்மா ஏமாத்துனது? இதுக்கெல்லாம் அழலாமா? அடுத்த லோடுல சரி பண்ணிக்கலாம். அப்பாகிட்ட போனைக் குடும்மா, நான் பேசுறேன்."

மறுமுனையில் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கல்லாவில் இருந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். "ஆர் தம்பி?" என்றார். சொன்னேன். அவர் கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்தார்.

"ஐயோ, அந்த மனுசன் செத்துப்போட்டார் தம்பி. நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது."

எதிரே ஒருவர் பால் பாக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார், வாங்கத் தோன்றவில்லை. அப்பாகிட்ட போனைக் குடும்மா. அதையா சொன்னேன், அந்தப் பிள்ளையிடம்?

பின்கட்டுக்குப் போய் அழைத்தேன். இரண்டாம் முறைதான் எடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் "தப்பா புரிஞ்சுக்கிட்டேம்மா" என்றேன்.

"பரவாயில்லை அண்ணை. நீங்கள் கேட்டவுடன, ஒரு நிமிசம் நான் உண்மையா அப்பாவைக் கூப்பிடத் திரும்பிப்போட்டன்."

நேற்றுப் பின்னேரம் நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை என்றாள்.

அவர் கடைசியாக ஏற்றிவிட்ட பெட்டிகள் அப்போது கடலில் இருந்தன. அவை ஆக்லாந்து வந்ததும் சரக்கைச் சோதித்த அதிகாரி ஏதோ கேள்விக்காக, அனுப்பியவரோடு பேச முடியுமா என்று கேட்டார். அவர் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழில் அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.