பக்கத்துப் படுக்கைக்கு வைத்த விபூதி

ஜுரம் வந்த அன்று என் கணவர் கணேசன் தயிர்சாதம் வேண்டாம் என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. எங்கள் வலியசாலை வீட்டிலிருந்து ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். நிமோனியா (நுரையீரல் தொற்று) என்றார்கள். அன்று மாலையே ஐசியுவில் வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்தார்கள்.

ஒரு வாரம் தேறிக்கொண்டு வந்தவருக்கு மறுபடி ஜுரம். டாக்டர் நாகர்கோவில்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது வீட்டுலேருந்து வந்த கிருமி இல்லேம்மா. இங்க வந்து பிடிச்சது. கல்ச்சர் அனுப்பியிருக்கோம்."

கல்ச்சர் (சளியிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் சோதனை) முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். விடிகாலையில் குளித்து, தெருக்கோயிலில் விபூதி வாங்கி, வழியில் யார் மேலும் படாமல் போய்ச் சேருவேன். ஐசியு வாசலில் கை தேய்க்க ஒரு திரவம் வைத்திருந்தார்கள். நர்ஸ் பார்க்கிறாளே என்று தேய்ப்பேன். குளித்து மடியாக வந்தவளுக்கு இன்னும் என்ன சுத்தம் என்று உள்ளுக்குள் எரிச்சல்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அன்று கணவரின் நெற்றியைத் துடைத்து, வாயோரம் வழிந்ததையும் துடைத்து, விபூதி இட்டேன். பக்கத்துப் படுக்கையில் ஷைலஜா. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து தேறியிருந்தாள். மறுநாள் வார்டுக்கு மாற்றுவதாக இருந்தது. அவள் கணவர் பிரதீப், கல்லாறில் சின்னக் கடை வைத்திருப்பவர், என்னைப் பார்த்துக் கை கூப்பி, மலையாளத்தில் அக்கா என்று அழைத்துக் கேட்டார்.

"சேச்சி, இவளுக்கும் கொஞ்சம் தொட்டு விடாமோ?"

பிரசாதம் கேட்டால் இல்லை என்று சொல்வதுண்டா? அதே கையால் இட்டேன். கன்னத்தையும் தடவிக் கொடுத்தேன். அவள் சிரித்தாள்.

மறுநாள் கல்ச்சர் முடிவு வந்தது. க்ளெப்சியெல்லா (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா), அதிலும் ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அசையாத வகை. மிச்சமிருந்த ஒரே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தார்கள். கணவரின் படுக்கையைத் தனி அறைக்கு மாற்றினார்கள்.

அவர் பிழைத்தார். பக்கத்தில் இருந்தவள் என்று நிறுத்திவைத்த ஷைலஜா வார்டுக்குப் போகவே இல்லை. சில நாளில் அவள் ரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. அவளுக்கு அந்த மருந்தும் கேட்கவில்லை.

டாக்டரிடம் கேட்டேன், என்னாலா என்று.

"இல்லேன்னு சொல்ல முடியாதும்மா. நர்ஸ் கையா இருக்கலாம், குழாயா இருக்கலாம், என் கையாவும் இருக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்லே."

உங்கள் வீட்டில் யாராவது ஐசியுவில் இருந்தால், தயவுசெய்து அடுத்த படுக்கைக்குப் போகாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் கையைத் தேய்த்துவிட்டுப் போங்கள். குளியலெல்லாம் கணக்கில் வராது.

கணவர் இப்போது வீட்டில் இருக்கிறார். தயிர்சாதம் கேட்கிறார். பிசைந்து கொடுக்கும்முன் மூன்று தடவை கை கழுவுகிறேன். "கை தேஞ்சு போயிடுமேடி" என்று கேலி செய்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது.

போன வாரம் பிரதீப் போன் செய்தார். கடைசிவரை அவள் நெற்றியில் நான் இட்ட விபூதி இருந்ததாம், அதுதான் தனக்கு ஆறுதலாம். அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

பிரதீப் மெல்லக் கேட்டார்.

"சேச்சி, ஞான்தானே தொடச் சொன்னது?"