தரகர் நம்பருக்கு விழுந்த மோசடி முத்திரை

இன்று வீரபாண்டி மொபைல் கடைக்கு ரீசார்ஜ் செய்யப் போனேன். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் தரகர் அங்கே கொதித்துக்கொண்டிருந்தார்.

"நான் கூப்பிட்டா எல்லார் போன்லயும் 'மோசடி'ன்னு காட்டுதாமா. இந்த நம்பரை வேற கம்பெனிக்கு மாத்திக் குடு கண்ணு."

"மாத்துனாலும் போகாதுங்க," என்றாள் கடைப்பெண். "மோசடிப் புகாரையெல்லாம் கம்பெனிக்காரங்க பிளாக்செயின்ங்கற பொதுப் பதிவேட்டுல பகிர்ந்துக்கறாங்க. ஒருத்தர் பதிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சுருமுங்க. அழிக்கவும் முடியாதுங்க."

தரகர் தளர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு முடி இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கா இத்தனை?"

அப்போதுதான் என்னைக் கவனித்தார். "அது வேற மாப்பிள்ளை கண்ணு!" என்று பதறி எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டி வரப்போகிற மாப்பிள்ளை, அனுப்பிய எல்லாப் போட்டோவிலும் தொப்பி போட்டிருக்கிறார்.

வரச் சொல்லட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.