ஆரம்பசூரர் டிஸ்க்கைக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை

குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அவருக்கு ஆரம்பசூரர் என்று பட்டம் கொடுத்தது வேறு யாருமில்லை, கட்டிய மனைவிதான். பொருத்தமான பட்டம். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி ஓட்டலாம், அதற்கு விஎம் என்று பெயர் என்று என்றைக்குத் தெரிந்துகொண்டாரோ, அன்றைக்குப் பிடித்தது சனி. புரோகிராமிங் கற்க ஒன்று, பங்குச் சந்தையில் கோடீஸ்வரனாக ஒன்று, பாட்டுக்கு மெட்டுப் போட ஒன்று என்று உண்டாக்கித் தள்ளினார். எல்லாம் டிஸ்க்கில் இடம் பிடித்துப் படுத்துக்கொண்டன.

மனைவிக்கு முன் அறையில் எம்பிராய்டரித் தொழில். டிசைன் போடும் மென்பொருள் அரதப்பழசு. புது கம்ப்யூட்டரில் ஓடாது. முணுமுணுத்துக்கொண்டே அவளுக்கும் ஒரு விஎம் போட்டுக் கொடுத்திருந்தார். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை முழுசாக உண்டாக்காமல், 'பழசு' என்ற இன்னொரு விஎம்மில் ஒட்டுக்குடித்தனம் வைத்துவிட்டார்; 'பழசு' போனால் அதுவும் போச்சு. வைத்ததோடு மறந்தும் போனார்.

ஞாயிறு காலை அவள் விஎம் நின்றது. டிஸ்க்கில் இடமில்லை. மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சட்டைச் சின்னங்கள் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தாமதம்; இந்தத் தடவையும் தவறினால் அவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

"சும்மா கிடக்கிறதை எல்லாம் தூக்குங்க. ஆனா திறந்து பாக்காம எதையும் தூக்காதீங்க. நம்ம கல்யாண வீடியோவை அழிச்ச கை இது."

வேண்டியதைக் காப்பி எடுக்க ஒரு பென்டிரைவோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். புரோகிராமிங்கில் ஒரே ஃபைல், அதில் ஒரே வரி. பங்குச் சந்தையில் அதுவும் இல்லை. வால்பேப்பரை மட்டும் எல்லாவற்றிலும் பார்த்துப் பார்த்து மாற்றியிருந்தார். அணைத்தார், நீக்கினார். பென்டிரைவுக்கு வேலையே வரவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க வேகத்தைக் கூட்டினார்.

கடைசியில் 'பழசு'. திறந்தால் உள்ளே வெறிச்சோடிக் கிடந்தது. நீக்கு என்றார். எச்சரிக்கை ஒன்று வந்தது. எச்சரிக்கையைப் படிப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. விரல் 'ஆம்' பக்கம் போயிற்று. மனைவி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"படிங்க."

"இந்த டிஸ்க்கை இன்னொரு விஎம் பயன்படுத்துதாம்."

"எது?"

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "உன்னோடதுதான்."

"அமுக்கியிருந்தா?"

"டிசைன் எல்லாம் போயிருக்கும். ஒண்ணு பாக்கியில்லாம."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. "நீங்க போட்டதுல உருப்படியா ஓடினது இது ஒண்ணுதான்," என்றாள்.

அவர் 'இல்லை'யை அமுக்கினார். காலியான இடத்தில் அவள் விஎம்முக்கு, 'பழசை' நம்பியிராத முழு நகல் ஒன்று எடுக்கத் தொடங்கினார். அது ஊர்ந்தது.

"நான் தைக்கணும். நேரமாகுது."

"கொஞ்சம் பொறு. இது முடியட்டும்."

'முடியட்டும்' என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை. சமையலறைக்குப் போகக் கிளம்பியவள் நின்று அவரை ஒருமுறை பார்த்தாள். நகல் முடிந்தது. அதைத் திறந்து, டிசைன்களை ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தார். பிறகு பென்டிரைவை வாங்கி அத்தனையையும் அதிலும் ஏற்றினார். முன் அறையில் ஊசி ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.