இரண்டாவது கோட்டிங்

இந்த வயதில் உன் அக்கா ஏன் புருஷனை விட்டுவிட்டு உன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. "ஒரு காருக்குப் பெயிண்ட் அடிச்சதுக்கா?" என்று சிரிக்கிறார்கள். ஆமாம், ஒரு காருக்குப் பெயிண்ட் அடித்ததற்குத்தான். அடித்தவர் என் அத்தான். கடைசிவரை அவரை 'அவர்' என்றே எழுதப் போகிறேன். அது என் வளர்ப்பு. அவர் சம்பாதித்த மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அத்தான் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்தார். வரிசையாக வரும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே குமிழி இருந்தாலோ கழுத்தில் கீறல் இருந்தாலோ எடுத்து உடைசல் தொட்டியில் வீச வேண்டும். வாழ்நாள் முழுக்க அதுதான் வேலை. அங்கே அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர். அதைப் பட்டமாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். வேலையைத் தொழிற்சாலையோடு விட்டுவிட்டு வந்தாரா என்றால் அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் கொடுத்த தண்ணீர் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விளிம்புல கறை இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா செய்யும் குழம்பு, மடிக்கும் சட்டை, பேசும் பேச்சு, எல்லாவற்றிலும் குமிழி தேடினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் எதில்தான் குறை தெரியாது? அக்கா மட்டும் "அவர் குணம் அப்படிடி" என்று முடித்துவிடுவாள்.

ஓய்வு பெற்றதும் நிராகரிக்க ஒன்றும் கிடைக்காமல் சில மாதம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எங்கிருந்தோ அந்தக் காரை இழுத்து வந்தார். இரண்டே கதவு, உருண்டை விளக்கு, முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி மொட்டை. ஒரு காலத்தில் சின்னக் குடும்பங்கள் ஆசையாக வாங்கிய வண்டி. அவர் கொண்டுவந்தபோது கோழிகூட அதில் அடைய யோசித்திருக்கும். தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்து, உட்கார்ந்தால் கால் ரோட்டில் படும். அதற்குக் 'குட்டி' என்று பெயர் வைத்தார். இத்தனை வருடத்தில் அக்காவை "ஏய்" தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை அந்த மனிதர்.

சமையலறைக்குப் பின்னால் இருந்த கொட்டகை பட்டறையானது. துணி காயப்போட்டதும் அக்கா சாயங்காலம் காற்று வாங்கியதும் அங்கேதான். கொடியைக் கழற்றினார். மேலே தகரம் போட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் ஷீட் தொங்கவிட்டு, கம்ப்ரசர் வாங்கி மூலையில் வைத்தார். எஞ்சினைத் தானே கழற்றி மாட்டியதாகத் தெருவெல்லாம் சொன்னார். மெக்கானிக் வந்து பகல் முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடந்ததையும், இவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்ததையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வண்டியின் தகட்டு வேலையை அவரே செய்தார். துருவைச் சுரண்டினார், ஓட்டையில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார், பட்டி பூசினார், தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்த்தார். தேய்த்ததைக் கையால் தடவிப் பார்த்து, பிடிக்காமல் மறுபடி சுரண்டினார். பெயிண்ட் அடித்த கதவில் கடுகளவு தூசு ஒட்டியிருந்தால் போதும், முழுக் கதவையும் தேய்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அடித்ததைவிடச் சுரண்டியதுதான் அதிகம். குறை கண்டுபிடிக்க வேண்டும், அது யார் செய்ததாக இருந்தால் என்ன!

அக்காவுக்கு ஆஸ்துமா. இது அவருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. பட்டி தேய்க்கிற தூசுக்கே அவளுக்கு நெஞ்சு விசில் அடிக்கும். டாக்டர் அவரைக் கூப்பிட்டு, "பெயிண்ட் வேலையை வேற இடத்துல வச்சுக்கோங்க" என்று சொன்னார். அத்தான் வீட்டுக்கு வந்து பெயிண்ட் டப்பாவில் எழுதியிருந்த எச்சரிக்கையை முழுதாகப் படித்தார். படித்துவிட்டுக் கடைக்குப் போய், இரண்டு பக்கமும் உருண்டை வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று வாங்கி வந்தார். தனக்கு.

"இது எனக்கு இல்லையா?" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டாளாம்.

"நீ உள்ளதானே இருக்கப் போறே" என்றாராம்.

முழு வண்டிக்கும் கடைசியாகப் பெயிண்ட் அடிக்கும் நாள் வந்தது. காற்றில்லாத, வெயில் மிதமான காலையாகப் பார்த்து வைத்திருந்தார். வீட்டுத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தார், தூசு எழும்பக் கூடாதாம். மின்விசிறி போடக் கூடாது. ஜன்னல்களைச் சாத்தி, அசைக்க முடியாதபடி இடுக்குகளில் அகல டேப் ஒட்டினார். யாராவது வந்து வாசல் கதவைத் திறந்தால் காற்று உள்ளே வருமே! அதனால் வாசலை உள்ளிருந்து பூட்டிச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சமையலறையிலிருந்து கொட்டகைக்குப் போகும் கதவை அந்தப் பக்கமிருந்து தாழ் போட்டார். வீட்டிலிருந்து வெளியே போக வழி அந்த இரண்டுதான். நடுவில் அக்கா, பாட்டிலில் அடைத்த மாதிரி.

முதல் கோட்டிங் அடிக்கும்போதே கதவின் அடி இடுக்கு வழியாக வாடை வந்துவிட்டது. இன்ஹேலரை அடித்துப் பார்த்திருக்கிறாள், கேட்கவில்லை. கொட்டகைக் கதவைத் தட்டியிருக்கிறாள். கையால் தட்டி, பிறகு கரண்டியால் தட்டியிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. எனக்குப் போன் செய்தாள். போனில் பேச்சே இல்லை. இழுத்து இழுத்து வரும் அந்தச் சத்தம்தான். சின்ன வயதில் பக்கத்தில் படுத்துக் கேட்டு வளர்ந்த சத்தம் அது, எனக்குத் தெரியாதா?

பக்கத்துத் தெருதான். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. இடித்தேன், கத்தினேன். பின்பக்கம் கம்ப்ரசர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசல் ஓரத்தில் அந்தக் காரின் பழைய ஜாக்கி துருவேறிக் கிடந்தது. அதை எடுத்து முன் அறை ஜன்னல் கண்ணாடியைப் போட்டு உடைத்தேன். உடைந்த வழியில் அக்கா முகத்தை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. காற்று என்னைத் தாண்டி வீட்டுக்குள் போவதை என் கழுத்தில் உணர்ந்தேன்.

அதன் பிறகுதான் அத்தான் வந்தார். என் கூச்சலுக்கு வரவில்லை. கதவடியில் காற்று புகுந்து பிளாஸ்டிக் ஷீட் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தார். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெண்டாட்டியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"எவ உடைச்சது இதை? போச்சு, எல்லாம் போச்சு!"

"கதவைத் திறங்க அத்தான்!"

திறந்தார். டாக்ஸி பிடித்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நான். அவர் வரவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் ஒட்டிய தூசை ஊசி முனையால் எடுத்துவிட வேண்டுமாம். சாயங்காலம் வந்தார். தின்னர் வாடை தாங்காமல் நர்ஸ் அவரை வார்டுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். அந்த நர்ஸுக்குக் கோயில் கட்டலாம்.

அக்காவை நேராக என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அத்தானை நான் வாய்க்கு வந்தபடி திட்டும்போதெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"கம்ப்ரசர் சத்தம்டி. அது ஓடினா பக்கத்துல இடி விழுந்தாலும் கேட்காது. நான் தட்டினது அவருக்குக் கேட்டிருக்காது."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா திறந்திருப்பாரு. என்ன பேசறே நீ?"

ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். ராப்பகலாக அது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது என்பது எனக்குத் தெரியும். வாடை, பூட்டு, முகமூடி எல்லாவற்றையும் அவள் மன்னித்துவிட்டாள். மன்னிப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம். இந்த ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டால் திரும்பிப் போய்விடுவாள். அது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஆனாலும் அவளுடைய வீடு அதுதானே.

அத்தான் போனில்கூட விசாரிக்கவில்லை. தூசு விழுந்த இடத்தையெல்லாம் தேய்த்து, மறுபடி அடித்து, பாலீஷ் போட்டு முடித்துவிட்டு ஒரு நாள் வந்தார். குட்டியில் வந்தார். இளம்பச்சை நிறம். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எதிர் வீட்டு மாடி முழுதாக அதன் கதவில் தெரிந்தது. நிழலாக இடம் பார்த்து நிறுத்துவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டதும் அக்கா தலையை ஒதுக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். கிளாஸைத் தூக்கிப் பார்ப்பாரோ என்று பார்த்தேன், நல்லவேளை, குடித்துவிட்டார்.

"கிளம்பு. வீடு போட்டது போட்டபடி கிடக்கு" என்றார்.

"கிளம்பறேன்" என்றாள் அக்கா. "ஒண்ணு மட்டும் கேட்கணும்ங்க. அன்னைக்கு நான் கதவைத் தட்டினேனே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

எஞ்சினையே தான் பிரித்து மாட்டியதாக ஊரை நம்பவைத்த வாய் அது. இப்போது ஒரே ஒரு பொய் வேண்டியிருந்தது. அதைக்கூட அவள் செய்து தயாராகக் கையில் வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டால் போதும்.

"கேட்டுச்சே" என்றார் அத்தான். "பானட்ல ரெண்டாவது கோட்டிங் பாதி போயிட்டிருந்துச்சு. நடுவுல கையை எடுத்தா கோடு விழும். அப்புறம் எத்தனை பாலீஷ் போட்டாலும் அந்தக் கோடு போகாது. முடிச்சிட்டுத் திறக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ளதான் இவ வந்து ஜன்னலை உடைச்சா."

"மூச்சு விட முடியலைங்கன்னு கத்தினேனே."

"அதுவும் கேட்டுச்சு. நீ எப்பவும் சொல்றதுதானே."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று கை துறுதுறுத்தது. அவர் பாட்டுக்கு, கோடு எப்படி விழும், கையை எந்த வேகத்தில் நகர்த்த வேண்டும் என்று விளக்கினார். அக்கா குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டாள்.

முடிந்ததும், "வெளியில காத்து அடிக்குது. வண்டி மேல தூசு படியும், நீங்க கிளம்புங்க" என்றாள்.

அத்தான் துள்ளி எழுந்தார். "ஆமா, நல்லவேளை சொன்னே!"

வாசல்வரை நான் போனேன். வழியனுப்ப இல்லை, கதவைச் சாத்த. அவர் பாக்கெட்டிலிருந்து மெத்தென்ற துணி ஒன்றை எடுத்து பானட்டைத் துடைத்தபடி என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"பாத்தியா? உன் அக்காவுக்கே இப்பதான் இதோட அருமை புரிஞ்சிருக்கு. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், தயாரா இருக்கச் சொல்லு."

இவரிடம் சொல்லி என் வாயை வீணாக்குவானேன்! கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அக்கா அதே நாற்காலியில், அவர் குடித்து வைத்த கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சாம்டி" என்றாள்.