புள்ளியக்காவின் ஒன்பது வார இருமல்

அச்சகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்தும் வேலை. எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகளில் மணமகன் மணமகளாகிவிடாமல் காப்பாற்றிய புண்ணியம் அவளுக்கு உண்டு.

ஒருநாள் துண்டறிக்கை ஒன்று அச்சுக்கு வந்தது. நுரையீரல் புற்றுநோய் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லி, ஆராய்ச்சிக்கும் உதவுகிற ஓர் அறக்கட்டளை கொடுத்தது. முதல் பத்தியிலேயே மூன்று பிழை. முணுமுணுத்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் சுழித்தாள். ‘மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். புகைபிடிக்காதவர்களுக்கும் இந்நோய் வரலாம்’ என்ற வரிக்கு வந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது.

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, உங்களைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கு?”

“காகிதத் தூசுப்பா.”

“எத்தனை நாளா தூசு?”

விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது வாரம். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

ஸ்கேனில் வலது நுரையீரலில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. சதையைக் கிள்ளிப் பரிசோதித்ததில் புற்றுநோய்தான் என்று உறுதியானது. ஆனால் வேறெங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சுவருக்கு வர்ணம் பூசுகிற அவள் புருஷனுக்கு முகம் வெளிறிப்போனது.

“நான் ஊதித் தள்ளின சிகரெட்டாலதானோ?”

“நீங்க விட்டே பதினஞ்சு வருஷமாச்சு. யாரால வந்துச்சுன்னு அப்புறமா பஞ்சாயத்து வெச்சுக்கலாம். முதல்ல கட்டி போகட்டும்.”

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அறக்கட்டளையின் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். வெட்டி எடுக்கும் கட்டியில் சோதனை போக மிஞ்சுவதை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டாள். புள்ளியக்கா படிவத்தை வரி வரியாகப் படித்தாள்.

“கட்டியைத் தாராளமா எடுத்துக்கோங்கம்மா. ஆனா ‘ஆராய்ச்சி’ன்னு எழுதுற இடத்துல ‘ஆராச்சி’ன்னு இருக்கு. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புள்ளியக்காவே அதைத் திருத்தி, அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

உடம்பு தேறியதும் பார்க்க வந்த நாத்தனார் குரலைத் தாழ்த்தி, “அண்ணி, நீங்களுமா சிகரெட்டு…?” என்று இழுத்தாள். புள்ளியக்காவுக்குச் சுருக்கென்றது. சிகரெட்டைத் தொட்டே பார்க்காத தனக்கே இந்தக் கேள்வி என்றால், புகைத்தவர்கள் எப்படி வெளியே வந்து சொல்வார்கள்? யாராயிருந்தாலும் நோய் நோய்தானே?

அடுத்த வாரமே அறக்கட்டளைக்குப் போனாள். “உங்க நோட்டீஸ் என் உயிரைக் காப்பாத்துச்சு. ஆனா படிக்கிறதுக்குள்ள பாதிப் பேர் தூங்கிடுவாங்க” என்றாள். மறுபடி எழுதும் வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ‘மூணு வாரமா இருமுறீங்களா?’ என்று பெரிய எழுத்தில் தொடங்கினாள். பஸ் டிப்போ, தையல் கூடம், சலூன் என்று எல்லா இடத்துக்கும் அது போனது.

இப்போது நான்கு வருடமாகிறது. மாடிப்படியில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். புதன்கிழமை மத்தியானங்களில் அறக்கட்டளையின் போனை அவள்தான் எடுக்கிறாள். போன வாரம் ஒரு டிரைவர் பொரிந்து தள்ளினார்.

“உங்க நோட்டீஸைப் படிச்சுட்டு ரெண்டு வாரமா தூக்கமே இல்லம்மா! டாக்டர் ஒண்ணுமில்ல, வெறும் சளிங்கிறார்!”

“நல்லாத் திட்டுங்க தம்பி” என்று ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டீயை ஒரு வாய் உறிஞ்சினாள் அவள். “சாவகாசமாத் திட்டுங்க.”