இடப்பக்கம் திரும்பிய விமானம்

விமானியான என் மகள் போன மாதம் மேலெழும்பியதும் வலப்பக்கம் திருப்ப வேண்டிய விமானத்தை இடப்பக்கம் திருப்பிவிட்டாள். கட்டுப்பாட்டு அறை உடனே எச்சரித்ததால் ஆபத்தில்லை. ஆனாலும் விசாரணை, மறுபயிற்சி என்று வீட்டில் உட்கார்ந்திருந்தாள். இனி பறக்க விடுவார்களா என்று நான் தவித்துக்கிடந்தேன்.

நேற்று காசிமேட்டு வீட்டில் வஞ்சிரம் வறுக்கும்போது போன் வந்தது. திங்கட்கிழமை முதல் பறக்கலாமாம்!

விசைப்படகு ஓட்டும் என் கணவர் குதித்தார். "இன்னாம்மா, நம்ம போட்டுன்னு நெனச்சிக்கினியா? துறைமுகத்த வுட்டு வெளிய வந்தா எண்ணூர் பக்கம் லெப்டுல ஒடிப்பமே!"

"ஆமா நைனா, சின்ன வயசுல உங்கூட வந்து வந்து பழகிக்கீது. இனிமே நீ ரைட்டுல ஒடி."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "வலது கை எது, காட்டு" என்றேன்.

காட்டினாள். அதே கையால் சட்டியிலிருந்த பெரிய துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.